யார்க் நகரம் பார்க்கப் போகிறீர்களா? ரயில் டிக்கெட் முதல் விட்பி பஸ் வரை

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த புதிதில், லண்டனைப் பார்த்து முடித்த கையோடு பலரும் போக நினைக்கும் ஊர் யார்க். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்தாலும் அங்கேதான் அழைத்துப் போகிறோம். உறவுக்காரர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய் வந்ததில் எங்கே பணம் கரைகிறது, எங்கே நேரம் போகிறது என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது. யார்க்கில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குக் கட்டணமே கிடையாது. காசு கரைவது பெரும்பாலும் ஊருக்குப் போய்ச் சேரும் வழியில்தான். அடுத்தபடியாக, தவறான நாளில் தவறான வரிசையில் போய் நிற்பதில்.

ரோமானியர் எப்போது வந்தார்கள், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள் என்ன செய்தார்கள் என்பதையெல்லாம் அங்கேயே பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே அதற்குள் போகப்போவதில்லை. கட்டணங்கள் ஆண்டுதோறும் ஏறுகின்றன. நான் சொல்லும் தொகைகளை ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

1. முதலில் நாளைப் பாருங்கள்

ஹோட்டலைத் தேடும் முன் யார்க் குதிரைப் பந்தயத்தின் தேதிகளைத் தேடுங்கள். மே முதல் அக்டோபர் வரை பந்தயம் நடக்கும். ஆகஸ்டில் வரும் ஈபோர் பந்தய நாட்கள்தான் உச்சம். அந்த நாட்களில் அறை வாடகை தாறுமாறாக ஏறும். ரயில் பெட்டிகள் காலையிலேயே தொப்பியும் கோட்டும் மதுக்கோப்பையுமாக நிரம்பி வழியும். வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் மாட்டாதீர்கள்.

பிப்ரவரியில் பள்ளி விடுமுறையை ஒட்டி வைக்கிங் திருவிழா நடக்கும். நவம்பர் நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் சந்தை. இரண்டும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சந்தை நடக்கும் சனிக்கிழமைகளில் நடுத்தெருவில் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டுதான் நகர முடியும். டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். குளிர்காலத்தில் ஊஸ் ஆறு கரை புரண்டு கிங்ஸ் ஸ்டெய்த் படித்துறை மூழ்குவது வாடிக்கை. முக்கியமான இடங்களுக்கு அதனால் பாதிப்பில்லை. படகுச் சவாரி மட்டும் நின்றுவிடும்.

என்னைக் கேட்டால் ஏப்ரல் அல்லது செப்டம்பர், செவ்வாய் முதல் வியாழன் வரை. ஏப்ரலில் மதில் சுவரின் மண் சரிவு முழுக்க மஞ்சள் டாஃபடில் பூக்கள் பூத்திருக்கும். ஒரு இரவு தங்கினால் இரண்டு பகல் கிடைக்கும். ஊருக்கு அது போதும். வெளியூர் எதையாவது சேர்த்தால் இரண்டு இரவு.

2. ஆவணங்களைச் சேகரியுங்கள்

பெற்றோரை அழைப்பவர்கள் விசா கையில் வந்த பிறகே ரயிலும் ஹோட்டலும் பதிவு செய்யுங்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்குப் பார்வையாளர் விசா கட்டாயம். 2025இல் ஆறு மாத விசாவுக்கான கட்டணம் 127 பவுண்டு. பயண நாளுக்கு மூன்று மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். மலிவு ரயில் டிக்கெட்டுகளும் ஏறத்தாழ 12 வாரம் முன்புதான் விற்பனைக்கு வருகின்றன. ஆக, விசா வந்த அன்றே ரயில் பதிவு செய்தாலும் தாமதமாகிவிடாது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி வாங்க வேண்டும். விமான நிலையத்துக்குப் போன பிறகு அதை நினைத்துக்கொள்ளாதீர்கள்.

ஊருக்குள் பயன்படும் காகிதங்கள் வேறு. மாணவர்கள் பல்கலைக்கழக அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் சலுகை உண்டு. அறுபதைக் கடந்தவர்களுக்கு வயதைக் காட்ட ஏதாவது ஒரு சான்று வேண்டும். யார்க்கிலேயே குடியிருப்பவர்கள், முகவரிச் சான்றுடன் போனால் மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் எந்தக் கட்டணமும் இன்றிப் போகலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீங்கள் யார்க் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தவர் என்றால் டிக்கெட் வாங்கும் முன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

3. ரயில்கார்டு வாங்கிய பிறகே ரயில் டிக்கெட்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க்குக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். லீட்ஸிலிருந்து அரை மணிக்கும் குறைவு. மான்செஸ்டரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள். அன்றன்றைக்கு நிலையத்தில் போய் டிக்கெட் வாங்கினால் லண்டன் பயணத்துக்கு அழ வேண்டிய தொகையில் இரண்டு நாள் தங்கிவிடலாம். எனவே இந்தப் படியில் மட்டும் கொஞ்சம் பொறுமையாக உட்காருங்கள்.

ரயில்கார்டு என்பது ஆண்டுக்கு 35 பவுண்டு கட்டினால் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் அட்டை. இந்தக் கட்டணம் 2025 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இங்கே குடியிருப்பவர்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. சுற்றிப் பார்க்க வந்தவரும் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கலாம். எந்த அட்டை யாருக்கு?

16 முதல் 30 வயது வரை இருப்பவர்களுக்குத் தனித்தனி அட்டைகள் உண்டு. முழுநேர மாணவர் என்றால் வயது கூடியிருந்தாலும் 16–25 அட்டையே கிடைக்கும். அதற்குக் கல்வி நிறுவனத்தின் உறுதிமொழி தேவை. இந்த அட்டையில் வார நாட்களில் காலை 10 மணிக்கு முன் புறப்படும் பயணங்களுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் அது இல்லை.

கணவன் மனைவி சேர்ந்தே போவதாக இருந்தால் டூ டுகெதர் அட்டை. இருவர் பெயரும் படமும் அதில் இருக்கும், இருவரும் ஒன்றாகப் பயணம் செய்தே ஆக வேண்டும். அப்பா, அம்மா இருவருக்கும் அறுபது கடந்துவிட்டது என்று ஆளுக்கொரு மூத்தோர் அட்டை வாங்கினால் 70 பவுண்டு. எப்போதும் சேர்ந்தே போகிறவர்களுக்கு டூ டுகெதர் ஒன்றே போதும், 35 பவுண்டில் முடிந்துவிடும். ஒரு கண்ணி மட்டும் இருக்கிறது: திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9:30 மணிக்கு முன் புறப்படும் வண்டிகளில் அது செல்லாது.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஃபேமிலி அண்ட் ஃப்ரெண்ட்ஸ் அட்டை. பெரியவர்கள் நால்வர் வரை மூன்றில் ஒரு பங்கு, 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கு 60 சதவீதம் குறையும். கூட ஒரு குழந்தைக்காவது டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ரயிலில் டிக்கெட்டே தேவையில்லைதான். ஆனாலும் அந்தக் குழந்தைக்கு ஒரு குழந்தை டிக்கெட் எடுத்தால் பெரியவர்களுக்கான தள்ளுபடி கிடைத்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் லாபம்தான்.

அட்டை வந்தபின் ரயில் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே டிக்கெட் வாங்குங்கள். விளம்பரத்தில் கண்ணில் படும் விற்பனைச் செயலிகள் சில, கடைசிப் பக்கத்தில் பதிவுக் கட்டணம் என்று சத்தமில்லாமல் சேர்த்துவிடும். எந்த நிறுவனத்தின் தளத்திலும் எல்லா நிறுவனங்களின் டிக்கெட்டும் ஒரே விலைக்குக் கிடைக்கும்.

மலிவு டிக்கெட்டுக்கு ‘அட்வான்ஸ்’ என்று பெயர். குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். அரை மணி முன்னதாக வரும் வண்டியில் இடம் காலியாக இருக்கிறதே என்று ஏறினால் புதிதாக முழுக் கட்டணம் கேட்பார்கள். போகவில்லை என்றால் பணம் திரும்பாது. போகும் நேரம் உறுதி, வரும் நேரம் உறுதியில்லை என்றால் போவதற்கு மட்டும் அட்வான்ஸ் எடுத்து, வருவதற்கு, கூட்ட நேரம் தவிர எந்த வண்டியிலும் செல்லும் ‘ஆஃப் பீக்’ எடுங்கள். ரயில்கார்டு செல்பேசியில் இருந்தால், வண்டி ஏறும் முன் செல்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். பரிசோதகர் வரும்போது திரை அணைந்திருந்தால் அட்டை இல்லாததாகவே கணக்கு.

4. காரில் வருகிறவர்களுக்கு

ஊருக்குள் காரைக் கொண்டு போகாதீர்கள். மதிலுக்குள் இருக்கும் தெருக்களில் பல, பகலில் நடப்பவர்களுக்கு மட்டும். எஞ்சிய தெருக்களில் வாகனம் நிறுத்தும் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும். ஊரைச் சுற்றி ஆறு இடங்களில் ‘பார்க் அண்ட் ரைடு’ இருக்கிறது: அஸ்கம் பார், டிசைனர் அவுட்லெட், கிரிம்ஸ்டன் பார், மங்க்ஸ் கிராஸ், பாப்பிள்டன் பார், ராக்லிஃப் பார். காரை நிறுத்தப் பணம் வேண்டாம். பஸ்ஸுக்கு மட்டும் டிக்கெட். உங்கள் சாலைக்கு அருகில் எது என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவிடுங்கள். இரவு முழுக்கக் காரை விட்டுவைக்க நினைத்தால் அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று விசாரியுங்கள். எல்லா இடத்திலும் கிடையாது.

5. நேரம் குறிக்கப்பட்ட டிக்கெட்டுகளை முதலில் எடுங்கள்

முன்பதிவு இல்லாமல் போனால் நீண்ட வரிசையில் நிறுத்திவிடும் இடம் யோர்விக் வைக்கிங் மையம். காப்பர்கேட்டில் தோண்டியெடுத்த வைக்கிங் குடியிருப்பின் மேலேயே அமைத்திருக்கிறார்கள். சிறு பெட்டியில் உட்கார்ந்து பத்தாம் நூற்றாண்டுத் தெரு வழியாக நகர்ந்து போவீர்கள், அந்தத் தெருவின் நாற்றம் உட்பட. வெளியே வந்ததும் கண்ணாடிப் பேழைக்குள் கல்லாகிப்போன வைக்கிங் காலத்து மனித மலம் ஒன்று இருக்கிறது. குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள். பள்ளி விடுமுறையில் கட்டாயம் முன்பதிவு செய்யுங்கள்.

மின்ஸ்டரின் கோபுரம் ஏறுவதற்கும் நேரம் குறித்த தனி டிக்கெட். அதைப் பற்றி ஏழாவது படியில்.

டிக்கெட் வாங்கும் பக்கத்தில் ஒரு கண்ணி. அறக்கட்டளைகள் நடத்தும் இடங்களில் ‘நன்கொடையுடன்’, ‘நன்கொடை இல்லாமல்’ என்று இரண்டு விலை வரும். முதலாவது பெரும்பாலும் தானாகவே தேர்வாகி இருக்கும். நன்கொடைக்கான ‘கிஃப்ட் எய்ட்’ கட்டத்தில் டிக் அடிப்பது இங்கே வருமான வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே உரியது. சுற்றிப் பார்க்க வந்திருக்கும் அப்பா பெயரில் டிக்கெட் எடுக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே அட்டையில் பார்க்கலாம் என்று விற்கும் யார்க் பாஸ், ஒரு நாளில் நாலு இடமாவது நுழைந்து வெளியேறும் வேகம் உள்ளவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். முழங்கால் வலியோடு வரும் அம்மாவுக்கு அது வேண்டாம்.

6. முதல் நாள் காலை: காசில்லாமல் பார்ப்பவை

ஷாம்பிள்ஸ் என்ற குறுகிய தெருவைக் காலை ஒன்பது மணிக்கு முன் பார்த்துவிடுங்கள். மேல்மாடிகள் இரண்டு பக்கத்திலிருந்தும் சாய்ந்து ஏறத்தாழ ஒன்றையொன்று தொட வரும். கடை வாசல்களில் இறைச்சி தொங்கவிட்ட கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. பதினோரு மணிக்கு மேல் அங்கே படம் எடுத்தால் முன்னால் நிற்பவரின் தலைதான் விழும்.

10:15க்கு எக்ஸிபிஷன் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். ஊர்த் தன்னார்வ வழிகாட்டிகள் அங்கிருந்து நடைப்பயணம் அழைத்துப் போகிறார்கள். இரண்டு மணி நேரம், முற்றிலும் இலவசம், அன்பளிப்பும் வாங்கமாட்டார்கள். ‘இலவச நடை’ என்று சொல்லிவிட்டுக் கடைசியில் தொப்பியை நீட்டும் வேறு குழுக்களும் ஊரில் உண்டு. எதில் சேருகிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதில் சுவரின் மேல் நடப்பதுதான் யார்க்கின் பெரிய இன்பம். சுமார் மூன்றரை கிலோமீட்டர், காலை 8 மணி முதல் இருட்டும் வரை திறந்திருக்கும், கட்டணம் இல்லை. முழுச் சுற்றுக்கு இரண்டு மணி நேரம். அவ்வளவு முடியாதவர்கள் பூதம் பாரில் ஏறி மங்க் பாரில் இறங்குங்கள் (‘பார்’ என்றால் இங்கே பழைய மதில் வாசல்). தோட்டங்களுக்கு அப்பால் மின்ஸ்டர் முழுசாகத் தெரிவது இந்தத் துண்டில்தான். முழுச் சுற்றுப் போகிறவர்கள் லேயர்தார்ப் பக்கம் சுவர் முடிந்ததும் திகைக்க வேண்டாம். சாலையோரமாகச் சற்று நடந்தால் ரெட் டவரில் மறுபடி தொடங்கும். பாதை குறுகல், உள்பக்கம் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. தள்ளுவண்டி வேண்டவே வேண்டாம், சிறு குழந்தையின் கையை விடவும் வேண்டாம். பனி உறைந்த நாட்களில் பூட்டிவிடுவார்கள்.

மழை பிடித்துக்கொண்டால் ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். நுழைவு இலவசம், விடுமுறை நாட்களில் இணையத்தில் பெயர் பதிந்துவிட்டுப் போவது நல்லது. 1938இல் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி ரயில்களின் உலகச் சாதனையைப் படைத்த மல்லார்ட் என்ற நீலநிற எஞ்சின் அங்கேதான் நிற்கிறது. ஜப்பானின் புல்லட் ரயில் பெட்டிக்குள் ஏறி உட்காரலாம். வாசலில் நன்கொடை கேட்பார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

7. மின்ஸ்டர்

யார்க்கில் ஒரே ஒரு டிக்கெட்தான் வாங்குவேன் என்றால் இதை வாங்குங்கள். பெரியவருக்கு 20 பவுண்டை ஒட்டி வரும். உடன் வரும் சிறுவர்களுக்குக் கட்டணமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களுக்கு நண்பகல் தாண்டித்தான் அனுமதி. பட்டமளிப்பு விழா, கச்சேரி என்று திடீரென மூடும் நாட்களும் உண்டு. முந்தின நாள் இரவு இணையதளத்தைப் பாருங்கள்.

உள்ளே போனதும் கிழக்குக் கோடியில் இருக்கும் பெரிய ஜன்னலுக்கு நேராகப் போங்கள். டென்னிஸ் ஆடுகளம் அளவுக்குக் கண்ணாடி. 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் என்பவரின் பட்டறை செய்தது. தரையில் நின்று பார்த்தால் வண்ணம் மட்டும்தான் தெரியும். வீட்டில் சிறிய தொலைநோக்கி இருந்தால் கொண்டு போங்கள்; மேல் வரிசையில் உலகம் படைக்கப்படுவதும் கீழே அது அழிவதுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட சித்திரங்கள் பிடிபடும். அடுத்து, வடக்குப் பக்கம் உள்ள எண்கோண மண்டபம். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் கூரை நிற்கிறது. சுவரோர இருக்கைகளுக்கு மேலே சிறு சிறு கல் முகங்கள். ஒன்று வாயைப் பிளக்கிறது, இன்னொன்று பழிப்புக் காட்டுகிறது. பலர் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்தக் கல் இருக்கையில் கால் மணி நேரம் உட்காருங்கள்.

கோபுரத்துக்கு 275 படி. சுழல் படிக்கட்டு, குறுகல். எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள். காற்றோ மழையோ பலமாக இருந்தால் ரத்தாகும். மூட்டு வலி, இதய நோய், அடைந்த இடத்தில் பயம் உள்ளவர்கள் கீழேயே இருப்பது உத்தமம்.

பணம் கொடுக்க மனமில்லையா? மாலை வழிபாட்டுக்குப் போங்கள். வார நாட்களில் பெரும்பாலும் 5:30க்கு, பாடகர் குழுவின் இசையோடு நடக்கும். மதம் எதுவானாலும் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கட்டணம் இல்லை. ஆனால் அது வழிபாடு. சுற்றி நடப்பதோ படமெடுப்பதோ கூடாது.

8. மற்ற கட்டண இடங்களில் எதை விடலாம்

கிளிஃபோர்ட்ஸ் டவர் வெளியே இருந்து பார்க்கவே அழகு. மேலே ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். ஆனால் மதிலில் நடந்தவர்களுக்கும் மின்ஸ்டர் கோபுரம் ஏறியவர்களுக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. எதிரே உள்ள காசில் அருங்காட்சியகம் அப்படியல்ல. விக்டோரியா காலத்துக் கடைத்தெரு ஒன்றையே உள்ளே கட்டியிருக்கிறார்கள், அரை நாள் போகும். பயமுறுத்தும் நிலவறைக் காட்சிகள், பேய் நடை, சாக்லேட் காட்சி எல்லாம் நேரமும் காசும் மிஞ்சினால் பார்க்கலாம்.

விட்பி ஆபி, ரீவோ ஆபி என்ற பழைய மடாலய இடிபாடுகள் இரண்டுக்கும் போகும் எண்ணம் இருந்தால், கிளிஃபோர்ட்ஸ் டவரையும் சேர்த்து ‘இங்கிலீஷ் ஹெரிடேஜ்’ அமைப்பின் உறுப்பினர் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு 9 நாள், 16 நாள் என்று தனிப் பாஸ் உண்டு.

9. சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை

சைவம் சாப்பிடுகிறவர்கள், மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். யார்க்‌ஷர் பகுதியின் பழைய பாணி மீன் கடைகள் பலவற்றில் உருளைக்கிழங்கு சிப்ஸைக்கூட மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். அதை ஒரு பெருமையாகவே பலகையில் எழுதியும் வைத்திருப்பார்கள். வெறும் சிப்ஸ்தானே என்று வாங்காதீர்கள். எந்த எண்ணெய் என்று கேளுங்கள், தாவர எண்ணெயில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன. யார்க்‌ஷர் புட்டிங் என்பதும் இனிப்பு அல்ல. இறைச்சியோடு பரிமாறும் பொரபொரப்பான மாவுப் பண்டம். அதையும் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பெட்டிஸ் தேநீர் விடுதியின் வரிசை மதியத்தில் தெருமுனை வரை நீளும். கதவு திறக்கும் நேரத்துக்குப் போனால் நிற்கும் வேலை இல்லை. தேநீருக்கும் பன்னுக்கும் அந்த விலையா என்று அப்பா முணுமுணுப்பார். மெனு அட்டையை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

10. சுற்றுவட்டாரம்: ஒரு நாளுக்கு ஓர் இடம்

கார் இல்லாதவர்களுக்கு மிகச் சுலபமானது நேர்ஸ்பரோ. யார்க்கிலிருந்து ரயிலில் அரை மணி அளவில் போய்விடலாம். ஊருக்குள் நுழையும்போது ரயில் நிட் ஆற்றின் மேல் உயர்ந்த பாலத்தில் ஊர்ந்து போகும். இறங்கியதும் கோட்டை இடிபாட்டுக்கு நடந்து போய் அங்கிருந்து அதே பாலத்தைப் பாருங்கள். அரை நாளில் திரும்பிவிடலாம்.

கடல் பார்க்க ஆசைப்பட்டால் விட்பி. 840 எண் கோஸ்ட்லைனர் பஸ் மால்டன், பிக்கரிங் வழியாகப் புதர்நிலக் குன்றுகளைக் கடந்து போகிறது. இங்கிலாந்தில் ஒரு வழிப் பஸ் பயணத்துக்கு 2025 ஜனவரியிலிருந்து 3 பவுண்டு உச்சவரம்பு. இவ்வளவு நீண்ட வழிக்கு அந்தத் தொகை சும்மா கொடுத்த மாதிரிதான். மேல்தளத்தின் முன்வரிசைக்கு முந்துங்கள். போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பஸ்கள் அடிக்கடி கிடையாது. குளிர்காலத்தில் இன்னும் குறைவு. திரும்பும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் டாக்சிக்கு அழுது மாளாது. ஆபிக்கு ஏற 199 படி, நடுவே உட்காரப் பலகைகள் உண்டு.

காசில் ஹோவர்ட் மாளிகை யார்க்கிலிருந்து 15 மைல். மாளிகை, தோட்டம் இரண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 25 பவுண்டைத் தாண்டும். குளிர்காலத்தில் மாளிகை மூடியிருந்து தோட்டம் மட்டும் திறந்திருக்கும் நாட்கள் உண்டு என்பதால் டிக்கெட்டில் என்ன அடக்கம் என்று படித்துப் பாருங்கள். ஃபவுண்டன்ஸ் ஆபியும் ரீவோ ஆபியும் பொதுப் போக்குவரத்தில் போனால் பாதி நாள் பஸ் நிறுத்தத்திலேயே கழியும். மூன்று நாலு பேர் சேர்ந்தால் ஒரு நாளைக்குக் கார் வாடகைக்கு எடுப்பது மேல். இந்திய ஓட்டுநர் உரிமத்தில் இங்கே வந்த நாளிலிருந்து 12 மாதம் வரை ஓட்டலாம். ஆனால் வாடகை நிறுவனம் வயது, அனுபவம் பற்றித் தன் நிபந்தனைகளை வைத்திருக்கும்.

11. திரும்பும் வண்டி தாமதமானால்

டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சேருமிடத்துக்கு 30 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் இழப்பீடு உண்டு. சில நிறுவனங்கள் 15 நிமிடத்துக்கே கொடுக்கின்றன. யாரும் கூப்பிட்டுத் தரமாட்டார்கள். தாமதத்துக்குக் காரணமான ரயில் நிறுவனத்தின் தளத்தில் 28 நாளுக்குள் நீங்கள்தான் கேட்க வேண்டும். டிக்கெட்டின் படம், ஏற வேண்டிய வண்டியின் நேரம், உண்மையில் சேர்ந்த நேரம், வங்கிக் கணக்கு விவரம் இவை போதும். விற்பனைச் செயலியில் வாங்கியிருந்தாலும் இழப்பீடு கேட்க வேண்டியது ரயில் நிறுவனத்திடம்தான். வண்டியில் உட்கார்ந்திருக்கும்போதே படத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்துக் கதவு சில நேரம் காகித டிக்கெட்டை விழுங்கிவிடும்.